கவ்வாத்து இல்லாத லீக்

(‘பெரிய குழுக்களின் தனி லீக் ரசிகனுக்கு லாபமா, நட்டமா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், ‘நட்டமே’ என்ற அணியில் ஆற்றப்பட்ட உரை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து ரசிகர்களை முன்வைத்துப் பேசப்பட்ட இவ்வுரை வாசகர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



எதிரணியிலிருந்து பேசியவர்கள் கோடிக் கணக்கைக் காட்டினார்கள். அந்தக் கணக்கைப் பிறகு பார்க்கலாம். முதலில் எல்லாரும் சற்று மலை ஏறி வர வேண்டும். பகாங் மாநிலம், கேமரன் மலை. அங்கே ஒரு தேயிலைத் தோட்டம். நேரம் விடியற்காலை மூன்றரை மணி. வெளியே பனி. எல்லா வீடுகளும் இருண்டு கிடக்க, ஒரே ஒரு வீட்டில் மட்டும் நீல வெளிச்சம் மினுக்கிக்கொண்டிருக்கிறது.

உள்ளே ஒரு ரசிகர் உட்கார்ந்திருக்கிறார். கம்பளிச் சட்டை, தலையில் துண்டு, கையில் ஆறிப்போன தேநீர். அவர் தோட்டத்துத் தேயிலைதான்! ஐரோப்பாவில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நம் மலைக்கு வந்து சேரும்போது விடியற்காலை மூன்று மணி, நான்கு மணி ஆகிவிடும். அவருடைய குழு ஒரு கோல் பின்தங்கி இருக்கிறது. கோல் காவலர் பந்தை முன்னால் அடிக்காமல், பக்கத்தில் நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரரிடம் தட்டுகிறார். அவர் மறுபடியும் கோல் காவலரிடமே தட்டுகிறார்.

“டேய்! பின்னாலேயே தட்டிக்கிட்டு நிக்கிறீங்களே, முன்னால அடிங்கடா!” என்று ரசிகர் கத்துகிறார்.

உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வருகிறது: “ஏங்க, நீங்க கத்துறது அவனுங்களுக்குக் கேக்கவா போகுது? பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத்தான் கேக்கும். விடிஞ்சா வேலை இருக்குல்ல, வந்து படுங்க!”

அரங்கம் சிரிக்கிறது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. ‘உங்கள் சத்தம் அங்கே கேட்குமா?’ இன்றைய தலைப்பின் முழுப் பொருளும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

ரசிகரின் புலம்பலில் நியாயம் உண்டா?

உண்டு. அதே நேரத்தில் பயிற்றுநரின் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு.

கோல் காவலர் ஏன் பக்கத்திலேயே தட்டுகிறார்? 2019-இல் ஆட்ட விதி மாறியது. அதற்கு முன்பு கோல் உதையில் பந்து பெனால்டி கட்டத்தை விட்டு வெளியே போன பிறகுதான் சக ஆட்டக்காரர் அதைத் தொடலாம். இப்போது கட்டத்துக்கு உள்ளேயே வாங்கலாம். அதனால் எதிரிகளைத் தங்கள் பக்கம் இழுத்து, அவர்களுக்குப் பின்னால் விழும் வெற்றிடத்தில் புகுந்து ஓடுவது என்பது பயிற்றுநர்களின் கணக்கு. சரியாக நடந்தால் பார்க்க அழகாக இருக்கும். தவறினால் சொந்த வாசலிலேயே கோல்.

வேறொரு கதையும் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட் சொந்தத் திடலில் புல்ஹாமுடன் ஆடியது. டேவிட் மோயஸ் பயிற்றுநர். பக்கவாட்டிலிருந்து கோல் முகத்துக்கு எண்பது முறைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டார்கள். ஒருமுறை, இருமுறை இல்லை, எண்பது முறைக்கு மேல்! கடைசியில் ஆட்டம் 2-2 என்று சமநிலையில் முடிந்தது. திறக்காத கதவை எண்பது தடவை தட்டியவரை என்ன சொல்வது? ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கலாமே என்று நம் தோட்டத்து ரசிகருக்குத் தோன்றாதா? தோன்றும். தோன்றியது. கத்தினார். அந்தப் பருவம் முடியும் முன்பே மோயஸ் வேலை இழந்தார்.

இப்படிக் கத்துவதற்கு ரசிகருக்கு என்ன உரிமை என்று சிலர் கேட்கிறார்கள். விளையாட்டு அலைவரிசைக்கு மாதம் தவறாமல் பணம் கட்டுகிறார். தூக்கத்தைக் கொடுக்கிறார். மறுநாள் காலையில் கொட்டாவியோடு சரிவில் இறங்குகிறார். இவை எல்லாவற்றையும் விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தோற்றால் குழுவுக்கு வலிக்கும். பட்டியலில் இறங்கும். தொடர்ந்து தோற்றால் கீழ்ப்பிரிவுக்கே போய்விடும். அந்த பயம் இருப்பதால்தான் வியூகம் என்ற சொல்லுக்கே அர்த்தம் இருக்கிறது. யாரை எங்கே நிறுத்துவது, எப்போது மாற்றுவது என்ற பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது.

தோற்றாலும் ஒன்றும் ஆகாது என்றால்? அப்போது பயிற்றுநரைத் திட்டி என்ன பயன்?

விடியற்காலையில் வந்த செய்தி

இப்போது 2021-க்கு வருவோம். கொரோனா காலம். இங்கிலாந்தின் அரங்கங்களில் ரசிகர்கள் கிடையாது. ஏப்ரல் 18, ஞாயிறு இரவு அங்கே ஓர் அறிவிப்பு வந்தது. நம் மலையில் அப்போது திங்கட்கிழமை விடிந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு குழுக்கள் சேர்ந்து ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற தனி லீக் தொடங்கப் போகின்றன என்பதே அந்த அறிவிப்பு. இங்கிலாந்திலிருந்து மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல், செல்சி, ஆர்சனல், டோட்டன்ஹாம் ஆகிய ஆறு. ஸ்பெயினிலிருந்து ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அட்லெட்டிகோ மாட்ரிட். இத்தாலியிலிருந்து யுவெந்தஸ், ஏசி மிலான், இன்டர் மிலான். மொத்தம் இருபது குழுக்கள் ஆடும். அதில் பதினைந்து குழுக்களுக்கு நிரந்தர இடம். மீதி ஐந்து இடங்களுக்கு மட்டும் மற்றவர்கள் போட்டி போட்டு வரலாம். நிறுவனக் குழுக்களுக்குத் தொடக்கத்திலேயே பங்கிட்டுக் கொடுக்க 350 கோடி யூரோ ஒதுக்கப்படும் என்றார்கள்.

‘நிரந்தர இடம்’ என்ற அந்த இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். முதலிடம் வந்தாலும் இடம் உண்டு. கடைசியில் வந்தாலும் இடம் உண்டு. நாற்காலியோடு சேர்த்து ஆளையும் ஆணி அடித்துவிடுவது போல!

அடுத்து நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஏப்ரல் 20 மாலை லண்டனில் செல்சி அரங்கத்தின் வாசலில் ரசிகர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். குழுவின் பேருந்து உள்ளே போக முடியவில்லை. அன்று இரவே ஆறு இங்கிலாந்துக் குழுக்களும் விலகுவதாக அறிவித்தன. 48 மணி நேரம்கூட அந்த லீக் தாங்கவில்லை. லிவர்பூல் உரிமையாளர் காணொளியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். மே 2-ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் திடலுக்குள்ளேயே புகுந்தார்கள். லிவர்பூலுடன் நடக்க வேண்டிய ஆட்டம் தள்ளிப்போனது. ஜூன் மாதம் அந்த ஆறு குழுக்களும் சேர்ந்து 2 கோடியே 20 லட்சம் பவுண்டு கட்ட ஒப்புக்கொண்டன. 2025 ஜூலையில் பிரிட்டன் தனிச் சட்டமே இயற்றியது. இப்படிப்பட்ட தனி லீக்குகளில் குழுக்கள் சேராமல் தடுக்கும் அதிகாரம் கொண்ட ஒழுங்குமுறை அமைப்பு அந்தச் சட்டத்தால் வந்தது.

தோட்டத்து அம்மா கேட்ட கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. ‘உங்கள் சத்தம் அங்கே கேட்குமா?’ வாசலில் நின்று போட்ட சத்தம் கேட்டது. ஆனால் எப்போது கேட்டது? கேட்டே ஆக வேண்டிய நிலைமை வந்தபோதுதான்.

கவ்வாத்து என்ன சொல்கிறது?

எதிரணி நண்பர் ஒருவர் கேட்டார்: “வாரா வாரம் ரியல் மாட்ரிட்டும் லிவர்பூலும் மோதினால் ரசிகனுக்குக் கொண்டாட்டம்தானே? சின்னக் குழுக்களின் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள்?”

இதற்குப் பதிலைப் புத்தகத்தில் தேட வேண்டாம். கேமரன் மலைக்கே போய்க் கேட்கலாம். 1929-இல் போ நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து அந்த மலைக்குத் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. தேயிலைச் செடியைச் சும்மா விட்டால் அது மரமாக வளர்ந்துவிடும். இலை முற்றும், கொழுந்து குறையும், கைக்கும் எட்டாது. அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். பச்சைப் பசேலென்று இருந்த சரிவு வெறும் குச்சிக் காடாக நிற்கும். புதிதாகப் பார்ப்பவர் ‘ஐயோ, செடி செத்துப்போச்சே’ என்பார். தோட்டத்துப் பெரியவர் சிரிப்பார். சில மாதங்களில் இளம் துளிர் வரும். அந்தத் துளிர்தான் நல்ல தேநீர்.

காற்பந்தில் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதும் மேலே ஏறுவதும் அந்தக் கவ்வாத்துதான். பெரிய குழுவையும் அது விடாது. சின்னக் குழுவுக்கும் அது வெளிச்சம் கொடுக்கும். தனி லீக் என்பது கவ்வாத்தே வேண்டாம் என்று சொல்லும் தோட்டம். முதல் சில ஆண்டுகள் பச்சையாகத்தான் இருக்கும். பிறகு முற்றிப்போன இலைதான் மிஞ்சும்.

சான்று வேண்டுமா? 2024-25 பருவத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பன்னிரண்டு ‘நிரந்தர’ பெரியவர்களில் இருவரான மான்செஸ்டர் யுனைடெட்டும் டோட்டன்ஹாமும் இங்கிலாந்து லீக்கில் எத்தனையாவது இடம் பிடித்தார்கள்? ஒருவர் பதினைந்தாவது, மற்றவர் பதினேழாவது. இருபது குழுக்களில்! அந்த இருவரும் 2025 மே 21-ஆம் தேதி ஐரோப்பா லீக் இறுதியாட்டத்தில் மோதினார்கள். டோட்டன்ஹாம் ஒரு கோல் போட்டது. பிறகு பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டது போல, நேரம் முடியும்வரை தற்காத்தே ஜெயித்தது. கிண்ணம் வென்ற பயிற்றுநர் இரண்டு வாரம் கழித்து நீக்கப்பட்டார். லீக்கில் பதினேழாவதாக வந்ததை யாரும் மன்னிக்கவில்லை. தனி லீக் நடந்திருந்தால் பதினேழாவது இடம் ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. அடுத்த ஆண்டும் அதே நாற்காலி, அதே பணம்.

இதற்கு மறுபக்கம் லெஸ்டர் சிட்டி. 2014-15-இல் இறங்காமல் தப்பித்தால் போதும் என்று போராடிய குழு. அடுத்த பருவத்தில் அது பட்டம் வெல்லாது என்று பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். 2016-இல் லெஸ்டர்தான் சாம்பியன்! பந்தை அதிக நேரம் வைத்துக்கொண்ட குழு அது இல்லை. பின்னால் பொறுமையாக நின்று, பந்து கிடைத்ததும் அம்பு போல் பாய்ந்தது. பழைய 4-4-2 வியூகம். நம் தோட்டத்து ரசிகர் கத்துவாரே, ‘முன்னால அடிங்கடா’ என்று, அதைத்தான் அவர்கள் செய்தார்கள்! பிறகு 2023-இல் இறங்கினார்கள், 2024-இல் ஏறினார்கள், 2025-இல் மறுபடி இறங்கினார்கள். கவ்வாத்து அவர்களையும் வெட்டியது. ஆனால் ஒரு வசந்தம் கொடுத்தது. தனி லீக்கில் அந்த வசந்தத்துக்கு வழி எது?

எதிரணியினர் இன்னொன்றும் சொன்னார்கள். 1992-இல் இங்கிலாந்தின் முதல் பிரிவுக் குழுக்கள் பழைய லீக்கிலிருந்து பிரிந்து போய்த்தானே இன்றைய பிரீமியர் லீக் பிறந்தது என்றார்கள். உண்மைதான். பணத்துக்காகத்தான் பிரிந்தார்கள். ஆனால் வாசலை அடைக்கவில்லை. கீழிருந்து மூன்று பேர் ஏறவும் மேலிருந்து மூன்று பேர் இறங்கவும் வழி வைத்தார்கள். 2021-இல் பதினைந்து பேருக்கு அந்த வாசலையே சுவராக்கப் பார்த்தார்கள்.

கோயம்புத்தூரில் மூடிய கதவு

வெள்ளைக்காரன் கதை போதும், நம்மவர் கதை சொல்லுங்கள் என்பார்கள். சொல்லலாம்.

இந்தியாவில் 2014-இல் ஐஎஸ்எல் தொடங்கியது. பெரும் பணம், நட்சத்திரங்கள், வாண வேடிக்கை. ஆனால் ஏறும் வழியும் இல்லை, இறங்கும் வழியும் இல்லை. பக்கத்திலேயே பழைய ஐ-லீக் நடந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்தைச் சொந்தத் திடலாகக் கொண்டு சென்னை சிட்டி என்ற குழு அதில் ஆடியது. 2018-19 பருவத்தில் அந்தக் குழு ஐ-லீக் சாம்பியன் ஆனது. தமிழ்நாட்டுக் குழு ஒன்று ஐ-லீக் பட்டம் வென்றது அதுதான் முதல்முறை.

வென்றார்கள். அப்புறம்? மேலே ஏற ஏணி இல்லை. அடுத்த பருவத்திலேயே ஐஎஸ்எல் நாட்டின் முதல்நிலை லீக் என்று அங்கீகரிக்கப்பட்டது. சாம்பியன் குழு இருந்த இடத்திலேயே இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. ஐ-லீக்கில் வென்றால் மேலே போகலாம் என்ற வழி 2022-23-இல்தான் வந்தது. 2023-இல் பஞ்சாப் குழு அப்படி ஏறியது. கோயம்புத்தூருக்கு அது காலம் கடந்த கதவு.

சிங்கப்பூர் பிரிந்த கதை

நம் நாட்டிலேயே பிரிவின் வலியைப் பார்த்திருக்கிறோம். பகாங் ரசிகர்களில் வயதானவர்களுக்கு 1994 மறக்காது. ஷா ஆலாம் அரங்கத்தில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம். சிங்கப்பூர் 4, பகாங் 0. லீக் பட்டமும் சிங்கப்பூருக்கே.

அதோடு சிங்கப்பூர் போய்விட்டது. டிக்கெட் வசூலைப் பங்கு போடுவதில் இரு நாட்டுச் சங்கங்களுக்கும் தகராறு. 1921-இல் தொடங்கிய அந்தக் கிண்ணத்தில் எத்தனையோ முறை வென்ற குழு விலகியது. 1996-இல் தனக்கென்று எஸ்.லீக் தொடங்கியது. இங்கே மலேசியாவில் 1995-இல் ஆட்ட நிர்ணய ஊழல் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இரு பக்கமும் காற்பந்து தேய்ந்தது. ‘பரம எதிரி’ என்று திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனதும் நம் ரசிகர்களுக்கு அரங்கத்துக்குப் போகும் ருசியும் குறைந்தது. அண்ணன் தம்பி சண்டைக்கும் எதிர் வீடு வேண்டும் அல்லவா?

2012-இல் லயன்ஸ் 12 என்ற பெயரில் சிங்கப்பூர்க் குழு திரும்பி வந்தது. 2013-இல் மலேசிய சூப்பர் லீக்கையே வென்றது. 2015-இல் அந்த ஒப்பந்தமும் முடிந்தது. பிரிவது ஒரு நாள் வேலை. சேர்வதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அதுவும் நான்கு பருவத்துக்குத்தான்.

மலைக்கு மிக நெருங்கிய நட்டம்

இனிச் சொல்லப் போவது கொஞ்சம் கசக்கும்.

நம் தோட்டத்து ரசிகர் லண்டன் குழுவுக்காக விடிய விடிய விழித்திருக்கிறார். அவர் வாழும் மாநிலத்தின் குழு எது? பகாங். தோக் காஜா என்று யானையின் பெயரால் கொண்டாடப்படும் குழு. 1992-இல் சிங்கப்பூரின் ஃபாண்டி அகமது பகாங்குக்கு ஆடியபோது லீக்கும் மலேசியக் கிண்ணமும் சேர்ந்தே வந்தன. 2004-இல் மலேசிய சூப்பர் லீக் தொடங்கியபோது முதல் சாம்பியன் பகாங்தான். 2013-இல் கிளந்தானை 1-0 என்று வென்று மலேசியக் கிண்ணம். 2014-இல் ஜொகூர் டாருல் தாக்சிமைப் பெனால்டி உதையில் வென்று மறுபடியும் கிண்ணம்.

2025 ஏப்ரலில் புக்கிட் ஜாலிலில் பகாங் மீண்டும் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் நின்றது. ஜொகூரிடம் தோற்றது. சரி, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று ரசிகர்கள் வீட்டுக்குப் போனார்கள். சில வாரங்களில் செய்தி வந்தது. 2025-26 சூப்பர் லீக்கிலிருந்து பகாங் விலகுகிறது!

கேமரன் மலைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பகாங்கின் சொந்த அரங்கம் குவாந்தானில். மலையிலிருந்து அது வெகு தூரம். சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பகாங் ஆட்டத்துக்குப் போக முடியாவிட்டாலும் ஈப்போவுக்குப் போய்ப் பேராக் ஆட்டத்தையாவது பார்த்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்பலாம். அந்தப் பேராக்கும் அதே பருவத்தில் விலகியது. மலைக்கு வலப்பக்கம் இருந்த குழுவும் போயிற்று, இடப்பக்கம் இருந்ததும் போயிற்று.

2014 முதல் 2024-25 வரை சூப்பர் லீக் பட்டத்தைத் தொடர்ந்து 11 முறை வென்றது ஜொகூர். அது அவர்களுடைய முதலீட்டுக்கும் உழைப்புக்கும் கிடைத்த பலன். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மற்ற குழுக்கள் சம்பளம் கொடுக்க முடியாமலும் உரிமம் பெற முடியாமலும் ஒவ்வொன்றாக உதிரும்போது மிஞ்சுவது என்ன? யாரும் கையெழுத்துப் போட்டு அறிவிக்காமலேயே இங்கும் ஒரு தனி லீக் உருவாகிறது. ஐரோப்பாவில் பணக்காரர்கள் கதவைச் சாத்தப் பார்த்தார்கள். இங்கே ஏழைகள் தாங்களாகவே வெளியேறுகிறார்கள். கதவு திறந்திருந்தும் உள்ளே வர ஆள் இல்லை.

நம் சமூகத்தின் கதை இதில் தனி. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழுவாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் நின்றது ஒரு குழு. 2021, 2022 ஆகிய இரு பருவங்களிலும் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் ஆடியது. 2022 முடிந்ததும் லீக்கை விட்டு விலகியது. அந்தக் குழுவின் ஆட்டத்தை நேரில் போய்ப் பார்த்தவர்கள் இந்த அரங்கத்தில் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்ல வேண்டாம். அவரவர் மனத்துக்குத் தெரியும்.

லிவர்பூல் வியூகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்த நாக்கு, பகாங்கின் விலகலைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. செல்சி வாசலில் ரசிகர்கள் நின்றார்கள், சத்தம் கேட்டது. இங்கே வாசலில் நிற்கத்தான் ஆள் இல்லை.

சமநிலம் என்று ஓர் ஊர்

கேமரன் மலையின் முக்கிய ஊரின் பெயர் தானா ராத்தா. மலாய் மொழியில் அதற்குச் சமநிலம் என்று பொருள். மலையில் சமநிலம் அவ்வளவு அரிது. கொஞ்சம் தட்டையான இடம் கிடைத்ததும் அதையே ஊரின் பெயராக வைத்துவிட்டார்கள்! அப்படிப்பட்ட மலையில் ஒரு தோட்டத்துக்குப் பந்து விளையாடத் திடல் ஒன்று இருந்தால் அது எவ்வளவு பெரிய சொத்து! தேயிலை நட்டிருக்கலாம், காய்கறி போட்டிருக்கலாம், விடுதி கட்டியிருக்கலாம். அதையெல்லாம் செய்யாமல் பிள்ளைகளுக்காக விட்டுவைத்த நிலம் அது.

தமிழ்ப் பிள்ளைகள் அப்படிப்பட்ட திடல்களில் ஓடித்தான் இந்த நாட்டின் காற்பந்து வளர்ந்தது. ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்த கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை மறக்க முடியுமா? 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய குழுவின் எம். சந்திரனை மறக்க முடியுமா? 2009-இல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டித் தங்கத்தையும், 2010-இல் இந்தோனேசியாவை இரு ஆட்டங்களில் மொத்தம் 4-2 என்று வென்று சுசுகி கிண்ணத்தையும் நாட்டுக்கு வாங்கித் தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால் யார்? நம்மவர். இளம் ஆட்டக்காரர்களை நம்பி அவர் வகுத்த வியூகத்தை அன்று குறை சொன்னவர்களும் கடைசியில் கை தட்டினார்கள்.

இன்று தோட்டத்து இளைஞர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலை தேடி இறங்கிவிட்டார்கள். சரிவில் கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசத்தவரும் நேபாளத்தவரும் நிறைய. திடல் இருக்கிறது, விளையாட ஆள் இல்லை என்கிறார்கள். ஆள் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலையில் அவர்கள் கையிலும் கைப்பேசி. அதிலும் ஓடுவது பந்துதான், கால்தான் ஓடவில்லை.

ஆகவே நம் தோட்டத்து ரசிகருக்கு இந்த அணி வைக்கும் வேண்டுகோள் பெரியது இல்லை. விடியற்காலை ஆட்டத்தைத் தாராளமாகப் பார்க்கட்டும். பயிற்றுநரைத் திட்டட்டும், அது அவர் உரிமை. தனி லீக் என்று மறுபடி யாராவது கிளம்பினால் கூடாது என்று உரக்கச் சொல்லட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு திடலுக்கு இறங்கட்டும். கோல் காவலரிடம் ‘முன்னால அடிடா’ என்று அங்கே சொல்லட்டும். அங்கே அவர் சத்தம் உடனே கேட்கும்! தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் தீபாவளிக்கு ஒரு கிண்ணம் வைக்கட்டும். பகாங்கும் பேராக்கும் திரும்பி வரும் நாளில் ஒரு வேன் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு போகட்டும்.

ரசிகனுக்கு லாபமா, நட்டமா என்று தலைப்பு கேட்கிறது. தோற்றவன் இறங்கவும் ஜெயித்தவன் ஏறவும் வழியில்லாத எந்த லீக்கும் ரசிகனுக்கு நட்டமே. அது ஐரோப்பாவில் பணம் கட்டிய சுவராக இருந்தாலும் நட்டம். நம் ஊரில் நாம் போகாமல் விட்டதால் தானாக எழுந்த சுவராக இருந்தாலும் நட்டம். முதல் சுவரை லண்டன் ரசிகர்கள் இரண்டே நாளில் இடித்துவிட்டார்கள். இரண்டாவது சுவர் நம் கையில் இருக்கிறது.

அந்த அம்மா கேட்டாரே, ‘நீங்கள் கத்துவது அவர்களுக்குக் கேட்குமா’ என்று. பக்கத்துத் திடலில் நின்று கத்தினால் நிச்சயம் கேட்கும் அம்மா. பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள்.